கலங்கலுக்குக் கதவு கிடையாது

எங்கள் முதலாளிக்கு இங்கிலீஷ் பேச வரும், கேட்க வராது. இதை அவரே ஒளிக்காமல் சொல்வார்.

"நான் பேசுறது அவங்களுக்குப் புரியும்மா. அவங்க பேசுறதுதான் எனக்கு ஒண்ணும் புரியாது. உனக்கு அப்படியே உல்டா. புத்தக ஸ்டால்ல ஒக்காரப் போறவங்க வாயத் தொறக்கத் தேவையில்ல, காதத் தொறந்து வெச்சிக்கினு இருந்தா போதும். நீயே போய்ட்டு வா."

நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக விமானம் ஏறப்போகிறேன் என்பது எனக்கு இப்படித்தான் தெரிந்தது.

நாங்கள் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு பைண்டிங் செய்துகொண்டிருந்தவர். ஏனாத்தூரில் பல்கலைக்கழகம் வந்த பிறகு, ஆய்வேட்டுக்கு அட்டை போட மாணவர்கள் இவர்களிடம் வர ஆரம்பித்தார்கள். பாய் அதில் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "இத்த புக்காவே போட்டுடலாமே" என்று கேட்டாராம். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் பதிப்பகம். கல்வெட்டு, ஏரிப் பாசனம், பழைய கட்டடங்கள் ஆகிய மூன்றையும் தாண்டி நாங்கள் போனதில்லை. ஒரே ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு சமையல் புத்தகம் போட்டோம். எழுதிய பேராசிரியர் அதிலும் ரசத்துக்கு மட்டும் பதினோரு அடிக்குறிப்பு வைத்திருந்தார்.

அந்தப் பதிப்பகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துவது என் வேலை. திருத்துவது வேலையாக ஆரம்பித்து வியாதியாக முடிந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் என் கையில் பேனா இல்லாத நேரம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஐயம்பேட்டையிலிருந்து நான் தினமும் வரும் ஷேர் ஆட்டோவின் பின்புறம் இருந்த 'பிரசவதிற்கு இலவசம்' என்ற எழுத்தில் ஓர் ஒற்று குறைகிறது என்று சொல்லி, டிரைவரை இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதபடி செய்திருக்கிறேன்.

என் இங்கிலீஷும் இந்த வேலையில் வந்ததுதான். ஆய்வு நூல்களின் முன்னுரைகளைப் படித்துப் படித்து வந்த இங்கிலீஷ். அதனால் எதைப் படித்தாலும் புரியும், மெதுவாகப் பேசினால் கேட்டும் புரிந்துகொள்வேன். நான் பேசினால் மட்டும் அது முன்னுரை மாதிரி இருக்கும். விசா நேர்காணலில் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "எங்கள் நெடுநாளைய முயற்சியின் பயனாக இந்தப் பயணத்தை உங்கள் முன் வைப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்" என்றேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அடுத்த கேள்வி கேட்காமலே விட்டுவிட்டாள்.

மாநாடு பிரான்ஸில் ஒரு நகரத்தில். உலகம் முழுவதும் பழங்கால நீர்ப்பாசனத்தை ஆராய்கிறவர்கள் கூடும் மாநாடு. சின்னப் பதிப்பகங்களுக்கு ஒரு மேசையும் ஓர் ஆளுக்குப் பயணச் செலவும் அவர்களே தருவதாக எழுதியிருந்தார்கள். பாய் பத்து நாள் முன்னதாகவே புத்தகங்களை மூன்று பெட்டிகளில் கூரியரில் அனுப்பினார். பெட்டிகளை எதிர்ப்பக்கத்துப் பட்டுக்கடையில் கேட்டு வாங்கியிருந்தார். "நல்ல கெட்டி அட்டைம்மா. கப்பல்ல உருண்டாலும் ஒண்ணும் ஆவாது" என்று தட்டிக் காட்டினார். பெட்டியின் நான்கு பக்கமும் 'சுத்தப் பட்டுப் புடவைகள்' என்று இங்கிலீஷில் அச்சாகி, ஒரு மணப்பெண் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லாததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் ஹோட்டலில் போய் இறங்கியதும் மாநாட்டு அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. சுங்கத்தில் பெட்டிகளை நிறுத்திவைத்திருக்கிறார்கள். தாளில் புத்தகம் என்று எழுதியிருக்கிறது, பெட்டியில் பட்டு என்று எழுதியிருக்கிறது, இரண்டில் எது உண்மை என்று கேட்கிறார்கள். நான் உண்மையை முன்னுரை நடையில் ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர்களுடைய சந்தேகம் அதிகமானதாகக் கேள்வி.

ஆக, முதல் நாள் காலை என் மேசையில் ஒரு புத்தகம்கூட இல்லை. கைப்பெட்டியில் கொண்டுபோயிருந்த நூற்பட்டியல் ஒரு கட்டு, ஒரு சிவப்புப் பேனா, மேசைமேல் விரிக்க வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு வெள்ளைத் துணி. அவ்வளவுதான் என் கடை.

மேசைக்கு மேலே பலகையில் எங்கள் பெயர் எழுதியிருந்தது. எங்கள் பதிப்பகத்தின் பெயர் 'பிரஸ்' என்று முடியும். பலகையில் அது 'பிரஸ்ஸிங்' என்று முடிந்திருந்தது. என் கண்ணில் படாமல் போகுமா? பட்டது. ஆனால் அந்த ஊரில் தெருப் பெயர், கடைப் பெயர் எல்லாவற்றிலும் உச்சரிப்பதற்கு மேல் நாலைந்து எழுத்து கூடுதலாக இருப்பதை விமான நிலையத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தேன். பிரெஞ்சில் பிரஸ்ஸை இப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது, தெரியாத மொழியில் கை வைக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் நான் தெரிந்தே விட்ட ஒரே பிழை அதுதான்.

என் எதிர் மேசையில் ஒரு கணினி நிறுவனம், வருகிறவர்களுக்கு இலவசமாகக் கழுத்துப் பிடித்துவிட ஒரு நாற்காலி போட்டிருந்தது. அங்கேதான் கூட்டம். பக்கத்து மேசை ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெரிய பதிப்பகத்துடையது. அதைப் பார்த்துக்கொண்டவர் எழுபதை நெருங்கிய ஓர் அம்மாள். முப்பது வருஷமாக மாநாடு மாநாடாகப் போய்ப் புத்தகம் விற்கிறவர். என்னைப் பார்த்ததும் கேட்காமலே தொழில் ரகசியம் ஒன்றைச் சொன்னார்.

"முகத்தைப் பார்க்காதே, செருப்பைப் பார். பளபளப்பாக இருந்தால் வாங்க மாட்டார்கள். தேய்ந்துபோயிருந்தால் எழுந்து நில்."

சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போனார். அவர் போன அரை மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

என் வெள்ளைத் துணி பெட்டியில் மடங்கிக் கசங்கியிருந்தது. அதை மேசைமேல் விரித்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி அழுத்தி நீவிக்கொண்டிருந்தேன். வெளியே மழை. உயரமான ஒரு பெரியவர், அறுபது வயதிருக்கும், நனைந்து வந்தார். பலகையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று. உடனே கோட்டைக் கழற்றி என் மேசைமேல் வைத்து, "மூன்று மணிக்குள் கிடைக்குமா?" என்று கேட்டார்.

தனக்கு வேறு வேலை இருக்கிறது, கோட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்தேன். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதில்லையா? தலையை ஆட்டினேன். அவர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நிமிஷத்தில் ஓர் அம்மாள் ஒரு பையில் இரண்டு பேண்ட்டும் ஒரு பாவாடையும் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் ஓர் இளைஞன் மூன்று சட்டைகள். எல்லோரும் எப்போது வரட்டும் என்று கேட்டார்கள். எல்லோருக்கும் மூன்று மணி என்றேன். முன்பின் தெரியாத என்னை இவ்வளவு பேர் நம்புகிறார்களே, வெள்ளைக்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று மனம் நெகிழ்ந்துபோனதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஈரக் கோட்டை நாற்காலியின் முதுகில் போடலாம் என்று எடுத்தேன். உள்பையிலிருந்து மடித்த தாள்கள் கீழே விழுந்தன. இங்கிலீஷில் அச்சடித்த பத்துப் பக்கம். நனைந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன். சத்தியமாக அதற்குத்தான் பிரித்தேன். முதல் வரியிலேயே தொண்டை மண்டலத்து ஏரிகள் என்று இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து ஏரிகள்! பிறகு எப்படி மூடுவது?

இரண்டாம் பக்கத்தில் ஓர் ஒருமை பன்மைப் பிழை. என் கை என்னைக் கேட்காமலே சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் ஒரே ஊரின் பெயர் இரண்டு விதமாக எழுதியிருந்தது. வட்டம் போட்டேன். நான்காம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: 'வயலுக்குத் தண்ணீர் தேவைப்பட்டபோது கிராமத்தார் கலங்கலைத் திறந்துவிட்டனர்.'

என் பிறந்த ஊர் முசரவாக்கம். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிற அன்றைக்கு எங்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு மாதிரிதான். பழைய புடவையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு அங்கே மீன் அள்ளுவோம். கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போவதற்காகக் கரையில் தாழ்வாகக் கட்டிய கல்கட்டு. வயலுக்குத் தண்ணீர் விடத் திறப்பது மதகை. கலங்கலைத் திறந்துவிட்டார்களாம்! ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'கலங்கலுக்குக் கதவு கிடையாது. திறப்பது மதகை. ஆசிரியர் பார்க்கவும்.' கீழே இரண்டு கோடும் போட்டேன்.

பத்துப் பக்கத்தையும் முடித்து, பழையபடி மடித்து, கோட்டின் உள்பையில் வைத்தபோது நல்ல காரியம் செய்த திருப்தி இருந்தது.

ஜெர்மன் அம்மாள் காபியோடு வந்தார். நாற்காலியில் தொங்கிய கோட்டையும் மடித்து வைத்திருந்த சட்டைகளையும் பார்த்தார். நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். காபியைக் கீழே வைத்துவிட்டு என் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவரால் பேச முடிந்தது.

"என் அன்பே, இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? சலவைக்கடை. துணி தேய்த்துத் தரும் இடம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சுட்டது. பலகைதான் காரணமா, பலகைக்குக் கீழே நின்ற என் முகமும் நிறமும் சேர்ந்துதான் காரணமா என்று ஒரு கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதே பலகைக்குக் கீழே இந்த ஜெர்மன் அம்மாள் நின்றிருந்தால் கோட்டைக் கழற்றியிருப்பார்களா? அதை அவரிடமே கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"கழற்றியிருக்க மாட்டார்கள். என்னிடம் முப்பது வருஷமாகக் கழிப்பறை எங்கே என்றுதான் கேட்கிறார்கள்" என்றார்.

அதில் ஏதோ ஒரு சமாதானம் இருந்தது. ஆனாலும் எங்கள் பாயிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன் போட்டேன். ஊரில் அப்போது மாலை டீ நேரம்.

"பாய், இங்க நம்மள இஸ்திரி கடைன்னு நெனச்சிக்கினு இருக்காங்க."

"யாரும்மா?"

"எல்லாரும்."

நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"துணி எத்தினி வந்திருக்குது?"

"ஒரு கோட்டு, ரெண்டு பேண்ட்டு, ஒரு பாவாட, மூணு சட்ட."

"மொத நாளேவா?" அவர் குரலில் பெருமை தெரிந்தது.

"பாய்!"

"கோச்சிக்காதம்மா. நான் சொல்றத கேளு. புக்கு ஸ்டாலுக்கு வர்றவரு ஒரு தபா வருவாரு, பொரட்டிப் பாப்பாரு, போய்டுவாரு. திரும்பி வருவாரா? மாட்டாரு. துணி குடுத்தவரு வந்துதானம்மா ஆவணும்? வரும்போது கேட்டலாக்க கையில குடு. துணிய பத்திரமா வெச்சிக்கோ. தேய்க்க மட்டும் தேய்க்காத."

"தேய்ச்சா என்னா?"

"நாளைக்கு இன்னும் நெறைய வரும். அப்புறம் புக்கு எப்ப விக்கிறது?"

அவரோடு பேசினால் கோபம் நிற்காது. போனை வைத்துவிட்டு முதல் வேலையாக நாற்காலிமேல் ஏறினேன். பலகையில் கூடுதலாக இருந்த ஐ, என், ஜி என்ற மூன்று எழுத்துகளைச் சிவப்பில் அடித்து, ஓரத்தில் மெய்ப்புக்காரர்கள் போடும் நீக்கற்குறியைச் சுழித்துப் போட்டேன். மாநாட்டு அலுவலகத்துப் பெண் ஓடிவந்து, கணினி தானாகவே எழுத்தைக் கூட்டிவிட்டது என்று வருத்தம் தெரிவித்தாள். புதுப் பலகை தருவதாகவும் சொன்னாள். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோட்டுக்காரர் வந்தார். அவருக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் எழுதி, திருத்தி, தயாராக வைத்திருந்தேன். எழுந்து நின்று இங்கிலீஷில் சொன்னேன்:

"ஐயா, இந்தக் கோட்டை உங்கள் முன் வைப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். நாங்கள் ஒரு பதிப்பகம். இதில் காணப்படும் சுருக்கங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு."

அவர் கோட்டைப் பார்த்தார். காலையில் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கசங்கியிருந்தது. பலகையைப் பார்த்தார். சிவப்பு அடித்தலைப் பார்த்தார். கழுத்திலிருந்து ஆரம்பித்துக் காது நுனிவரை அவர் சிவந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். "மன்னிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும்" என்று கோட்டை மாட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். நூற்பட்டியலைக் கையில் திணித்தேன். வாங்கிக்கொண்டு ஓடினார்.

"அவர் யார் தெரியுமா?" என்றார் ஜெர்மன் அம்மாள். "இந்தத் துறையில் பெரிய பேராசிரியர். இன்றைக்கு முக்கிய உரையே அவருடையதுதான். மூன்று மணிக்கு. பெரிய அரங்கில்."

உரை. பத்துப் பக்கம். கோட்டின் உள்பை.

அந்தத் தாள்கள் முழுக்க என் சிவப்பு மை. ஒன்றும் பேசாமல் அரங்கை நோக்கி ஓடினேன். புடவையில் நான் ஓடுவதைப் பார்த்து, காரணம் தெரியாமலே ஜெர்மன் அம்மாளும் பின்னால் வந்தார். நாங்கள் உள்ளே போவதற்குள் பேராசிரியர் மேடை ஏறிவிட்டார். முந்நூறு பேர் இருப்பார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து குனிந்துகொண்டேன்.

அவர் வணக்கம் சொன்னார், கண்ணாடி போட்டார், தாளைப் பிரித்தார். முதல் பக்கம் நல்லபடியாகப் போயிற்று. நான் அதில் கை வைக்கவில்லை. இரண்டாம் பக்கத்தைப் புரட்டியவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்றைப் புரட்டினார். நான்கைப் புரட்டினார். அரங்கத்தில் யாரோ இருமினார்கள்.

"நண்பர்களே," என்றார், "காலையில் என் கோட்டைத் தேய்ப்பதற்குக் கொடுத்தேன். கோட்டைத் தேய்க்கவில்லை. உரையைத் தேய்த்திருக்கிறார்கள்."

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. ஆனால் அவர் அதை வேடிக்கையோடு விட்டுவிடவில்லை. தான் செய்த தவறை, பலகையை, என் மேசையை, எல்லாவற்றையும் அங்கேயே சொன்னார். பிறகு என் ஓரக்குறிப்பை உரக்கப் படித்தார். "'கலங்கலுக்குக் கதவு கிடையாது. திறப்பது மதகை. ஆசிரியர் பார்க்கவும்.' ஆசிரியர் பார்த்துவிட்டேன். இருபது வருஷமாக இதை நான் தவறாக எழுதிவருகிறேனா என்று தெரிந்துகொள்ள வேண்டும். எழுதியவர் இங்கே இருக்கிறாரா?"

இல்லை என்று இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஜெர்மன் அம்மாள் என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார்.

எழுந்து நின்றேன். முந்நூறு தலை திரும்பியது. முன்னுரை இங்கிலீஷ் முழுவதும் மறந்துபோயிற்று. எனக்குத் தெரிந்த எந்த முன்னுரையிலும் மீன் பிடிக்கிற இடம் வரவில்லை. பக்கத்துச் சுவரோரம் காபி வைத்திருந்தார்கள். குழாய் வைத்த பெரிய பாத்திரம், கோப்பைகள், தட்டுகள். நேரே அங்கே போனேன்.

"இது ஏரி" என்று பாத்திரத்தைக் காட்டினேன். குழாயைத் திருகினேன். "இது மதகு. வேண்டும், திற. போதும், மூடு." கோப்பையை விளிம்புவரை நிரப்பி, இன்னும் ஊற்றினேன். காபி வழிந்து தட்டில் நின்றது. "இது கலங்கல். யாரும் திறக்கவில்லை. நிறைந்தது, போனது." தட்டைத் தூக்கிக் காட்டினேன். "இங்கே மீன்."

கைதட்டினார்கள். நான் பதற்றத்தில் குழாயை மூட மறந்துவிட்டேன். தரைவிரிப்பில் ஒரு சின்ன ஏரியே உருவாகிக்கொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவர் பேராசிரியர்தான். மேடையிலிருந்து கையை ஆட்டி, "அம்மணி, மதகு! மதகு!" என்று கத்தினார். அந்தச் சொல்லை அவர் சரியாகவே சொன்னார்.

மறுநாள் என் மேசையில் கூட்டம். கழுத்துப் பிடித்துவிட்டுக்கொள்ள வந்தவர்கள்கூட நாற்காலியை விட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். பையில் துணி கொடுத்த அம்மாள் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த வெட்கத்தில் கல்வெட்டுத் தொகுதிகள் இரண்டும் வந்ததும் தனக்கு வேண்டும் என்று பெயர் எழுதிக் கொடுத்தார். அவர் ஆராய்வது பெரு நாட்டு வாய்க்கால்களை. தமிழ்க் கல்வெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. சில பேர் தங்கள் கட்டுரையைக் கொண்டுவந்து, "கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று நீட்டினார்கள். இரண்டு நாளும் சிவப்புப் பேனா ஓயவில்லை. மூன்று சட்டை கொடுத்த இளைஞன் மட்டும் வரவேயில்லை. வெட்கமா, மறதியா தெரியாது. கடைசியில் அதை வரவேற்பு மேசையில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

ஒரே குறை, விற்கப் புத்தகம் இல்லை. பெட்டிகள் கடைசி நாள் மத்தியானம், எல்லோரும் மேசையை மடக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தன. மூன்றையும் பிரித்துப் பார்த்து, மணப்பெண்ணின் முகத்தின் குறுக்கே சுங்கத்துக்காரர்கள் அகலமான டேப் ஒட்டியிருந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஜெர்மன் அம்மாளும் நானும் அரங்க வாசலிலேயே நின்று, டாக்சி பிடிக்கப் போகிறவர்களை மறித்து, கையில் கொடுத்தோம். மிச்சமிருந்ததை என்ன செய்ய என்று பாயிடம் கேட்டேன்.

"திரும்ப மட்டும் எடுத்துக்கினு வராதம்மா. திரும்பி வர்ற புக்கு வூட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி. போகவே போகாது."

அந்த ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தோம். நூலகர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துவிட்டு, இங்கே எங்களுக்குத் தமிழ் படிக்க ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் விடுமுறையில் போயிருக்கிறார் என்றார். ஜெர்மன் அம்மாள் விடைபெறும்போது என்னைக் கட்டிக்கொண்டு, அவருடைய பதிப்பகத்துப் பட்டியலைக் கொடுத்தார். விமான நிலையத்துக்கு ரயிலில் போகும்போது அதில் நான்கு பிழை கண்டுபிடித்தேன். அனுப்பலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு அனுப்பினேன். ஐந்து இருக்கிறது, ஒன்றை விட்டுவிட்டாய் என்று பதில் வந்தது.

சென்னை விமான நிலையத்துக்கு என் வீட்டுக்காரரோடு பாயும் வந்திருந்தார். கார் ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை அவர் என்னைத் தூங்கவிடவில்லை. காபி கதையை மூன்று முறை சொல்லச் சொன்னார். அடுத்த வாரமே ஊரில் அது வேறு கதையாகிவிட்டது. பட்டுக்கடைக்காரர் என்னை நிறுத்தி, "அந்த வெள்ளக்கார புரொபசரு மேடைலயே உன்கிட்ட கோட்ட குடுத்து மன்னிப்பு கேட்டாராமே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாய் சொன்னாரே?" என்றார். என்னைவிட பாயை நம்புவதில் அவருக்குச் சிரமம் எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தத் தரைவிரிப்ப யாரு தொடச்சாங்க?" நான்தான் துடைத்தேன். அந்தப் பேராசிரியரும் கூட முட்டி போட்டுத் துடைத்தார். இதை பாய் கதையில் சேர்க்கவில்லை.

ஏழு மாதம் கழித்து அந்தப் பேராசிரியரிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. தொண்டை மண்டலத்து ஏரிகளைப் பற்றி அவர் இருபது வருஷமாக எழுதிவரும் புத்தகம். பெரிய பதிப்பகம் ஒன்று கேட்டிருக்கிறதாம். அவர்கள் பிழை பார்ப்பார்கள், ஏரி பார்க்க மாட்டார்கள், அதனால் உங்களிடம் தருகிறேன் என்று எழுதியிருந்தார். பாய் அந்த வரியைப் பெரிதாக அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு முழுக் கோப்பையும் அச்செடுக்கச் சொன்னார். தாள் வந்துகொண்டே இருந்தது. ஆயிரத்து நூறு பக்கம். பாதிக்கு மேல் அடிக்குறிப்பு.

இப்போது அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். தினமும் மாலையில் கிளம்பும் முன் பாய் என் மேசைக்கு வந்து, படித்த கட்டு உயர்ந்திருக்கிறதா என்று விரலால் அளந்து பார்ப்பார்.

"எது வரிக்கும் ஆச்சும்மா?"

"ரெண்டாவது அத்தியாயம் பாய். இன்னும் ஏரிய வெட்டவே ஆரம்பிக்கல."

"வெட்டட்டும்மா, மெதுவா வெட்டட்டும்" என்பார், லைட்டை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே. "மழைக்குத்தான் இன்னும் நாள் இருக்குதே."